ஆறுதலாகக் கரையிறங்குவோம்

சென்ற வாரம் நண்பரொருவர் ஏலாக்குறிச்சிக்கு வந்திருந்தார். அடைக்கல மாதா ஆலயத்துக்குச் சென்று வந்தவர், நம் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து மோர் பருகியபின், சட்டைப்பையிலிருந்து நான்காய் மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார். குடும்பத்தோடு உல்லாசக் கப்பலில் இலங்கை செல்லத் திட்டமிட்டிருக்கிறார். கப்பல் காங்கேசன்துறையைத் தொடும் நாளில் கரையிறங்கி யாழ்ப்பாணத்தில் என்னென்ன பார்ப்பது என்பதற்கான நிரல் அது. "நீங்கள் முன்பே போய் வந்தவர். சரிபார்த்துக் கொடுங்கள் ஐயா" என்றார்.

நிரலில் ஏழு இடங்கள் இருந்தன. கீரிமலை, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில், நல்லூர், மந்திரிமனை, யாழ்ப்பாணப் பொது நூலகம், கோட்டை, நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில். ஒவ்வொன்றுக்கும் எதிரே நிமிடக் கணக்கு. 'நூலகம் – 15 நிமிடம் (படம் எடுக்க)' என்ற வரியில் நம் கண் நின்றுவிட்டது. அடைப்புக்குறிக்குள் இருந்த அந்த இரண்டு சொற்களே இக்கட்டுரையை எழுத வைத்தன.

நாம் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். கப்பற் பயணத்தில் கரையில் ஒரு பகல் கிடைத்தால், அந்தப் பகலை ஓரிடத்துக்குக் கொடுங்கள். ஏழிடத்துக்குப் பங்கு வைக்காதீர்கள். இது வசதி பற்றிய யோசனையன்று. மரியாதை பற்றிய வழக்கு. பிறிதொரு நாட்டிலாயினும் நம் மொழியையே பேசும் மக்களின் கரையில் இறங்கும்போது அது இன்னும் கடுமையான வழக்காகிறது.

இங்கே சிலர் குறுக்கிடுவர். "உல்லாசக் கப்பலே பணக்காரக் கேளிக்கை. நீச்சல் குளமும் நடனமும் விருந்துமாய் மிதக்கும் விடுதியில் போகிறவனிடம் மரியாதையைப் பற்றிப் பேசுவானேன்?" என்பர். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. 2023 ஜூன் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பல் ஒன்று முதன்முறையாகக் காங்கேசன்துறையை அடைந்தது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையின் மூன்று துறைகளைத் தொடும் பயணம் அது. அவ்வாண்டில் நாமும் நண்பர் ஐவரும் சேமிப்பைத் திரட்டி அத்தகைய பயணமொன்றில் சென்றோம். மேல்தளத்தில் நின்றிருந்தவர்களுள் பாதிப்பேர் நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களாகவே தோன்றினர். ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியத் தம்பதியர் இருந்தனர். பேரக்குழந்தையைத் தோளில் தூக்கிய பாட்டி இருந்தார். கப்பலில் ஏறியதில் எவர்க்கும் குற்றமில்லை. இறங்கும் முறையில்தான் குற்றம். அதிலும் முதற்குற்றவாளி நாமே. அதைப் பின்னர் சொல்வோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தமிழாசிரியனுக்குக் கணக்கு வராது என்ற பழிச்சொல் நமக்குப் பழக்கமானதே. ஆயினும் இது கூட்டலும் கழித்தலும் மட்டுமே.

கப்பல் துறையில் எட்டு மணி நேரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணியும் பயணிக்கு உரியதன்று. இறங்குவதற்கு வரிசை, கடவுச்சீட்டுச் சோதனை, வெளியே வந்து வண்டியைத் தேடி ஆட்களை எண்ணி ஏற்றுதல் என்று ஒரு மணி நேரம் கரையும். திரும்பும்போதும் அப்படியே. கப்பல் புறப்படும் நேரம் வேறு, அனைவரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேறு. பின்னது முன்னதற்கு அரைமணியோ ஒருமணியோ முந்தியது. ஆக, கழிந்தன இரண்டு மணி. உணவுக்கு ஒரு மணி. காங்கேசன்துறையிலிருந்து யாழ் நகரம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். நகரிலிருந்து நயினாதீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறை ஏறத்தாழ 35 கிலோமீட்டர். போக வர எல்லாவற்றையும் கூட்டினால் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. ஊர்ச்சாலைகளில் இதற்கு மூன்று மணி நேரம் வேண்டும். படகில் போகவும் வரவும், காத்திருப்பும் சேர்த்து இன்னொரு மணி. மொத்தம் ஏழு மணி நேரம் தீர்ந்தது. மிஞ்சியது ஒரே மணி. அதை ஏழிடங்களுக்குப் பகிர்ந்தால் இடத்துக்கு ஒன்பது நிமிடம்கூட வரவில்லை!

ஒன்பது நிமிடத்தில் நல்லூரில் என்ன செய்யலாம்? ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும்; காலணியை விட இடம் பார்க்க வேண்டும்; இரண்டுமே நான்கு நிமிடம். எஞ்சிய ஐந்து நிமிடத்தில் வீதிகளைச் சுற்றி வருவதா, உள்ளே நின்று கும்பிடுவதா? கோயிலென்றால் நடை சாத்தும் நேரமும் உண்டென்பது நம்மூர்க் கோயில்களுக்குப் போகும் எவர்க்கும் தெரிந்ததே. நம் நண்பரின் நிரலிலோ நல்லூர் வெயில் உச்சியிலிருந்தது.

ஆக, ஏழிடத் திட்டம் தன் கணக்கிலேயே தோற்கிறது. ஆயினும் மக்கள் அதையே விரும்பித் தீட்டுவது ஏன்? திட்டத்தாளில் ஏழு பெயர் இருந்தால் கொடுத்த பணத்துக்கு ஏழு பொருள் வந்ததாகத் தோன்றுகிறது. ஊர்ப்பெயர்களை மளிகைப் பட்டியலைப் போல ஒவ்வொன்றாய் அடித்துக்கொண்டே போவதில் ஒரு நிறைவு. ஊருக்குத் திரும்பியபின் "பார்த்தீர்களா?" என்று கேட்பவர்க்கெல்லாம் "பார்த்தாயிற்று" என்று சொல்லிவிடலாம். பார்த்தாயிற்று! தமிழில் இதைவிடக் கதவடைக்கும் சொல் வேறுண்டோ?

இந்தச் சொல்லை நாம் எதிர்முனையில் நின்று பல்லாண்டு கேட்டவர்கள். அதனால்தான் இவ்வளவு காரம்.

ஏலாக்குறிச்சி கடற்கரை ஊரன்று. கொள்ளிடத்தின் வடபுறத்தில், அரியலூர் மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் சிற்றூர். ஆயினும் கப்பலில் வந்து கரையிறங்கியவர் ஒருவரால் பெயர் பெற்ற ஊர். இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, 1710-இல் கோவாவில் கரையிறங்கினார், அடுத்த ஆண்டு தமிழகம் வந்தார், தமிழ் கற்றார், வீரமாமுனிவர் ஆனார், நம்மூரில் பல காலம் தங்கிப் பணியாற்றினார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டினார். இங்குள்ள அன்னையின்மேல் கலம்பகம் பாடினார். தேம்பாவணியும் தொன்னூல் விளக்கமும் சதுரகராதியும் தந்து 1747-இல் மறைந்தார். பிறந்த நாட்டுக்கு அவர் திரும்பவேயில்லை. கரையிறங்குதலின் உச்சம் அது. அதை எவரிடமும் எதிர்பார்க்க இயலாது, எதிர்பார்க்கவும் கூடாது.

நிற்க. இன்று நம்மூருக்கு வரும் சுற்றுலாப் பேருந்துகளைப் பாருங்கள். வேளாங்கண்ணி, பூண்டி, ஏலாக்குறிச்சி என்று ஒரே நாளில் மூன்றையும் முடிக்கும் பேருந்துகள் பல. நம்மூர் பெரும்பாலும் கடைசியில் வரும். இருபது நிமிடம், மெழுகுவத்தி, மாதா சிலைமுன் ஒரு படம், தேநீர், ஒலிப்பான், புறப்பாடு. இறங்கியவர்களுள் எத்தனைபேர், அகரவரிசையில் சொற்பொருள் தரும் வழக்கத்தைத் தமிழகராதிக்குத் தந்தவர் வாழ்ந்த மண்ணில் நிற்கிறோம் என்று அறிந்திருப்பர்? அரியலூர் மழவராயர் நோய் தீர்ந்து நிலம் அளித்தார் என்று ஊரார் வழிவழியாகச் சொல்லும் செய்தியைக் கேட்க எவர்க்கு நேரம்? ஆலய வாயிலில் பூ விற்கும் அம்மையார் ஒருமுறை நம்மிடம், "எல்லாரும் வராங்க சார், ஒருத்தரும் வந்த மாதிரி இல்ல" என்றார். முப்பது ஆண்டுகள் சுற்றுலா பற்றிப் படித்தவரும் இதைவிடச் செறிவாகச் சொல்லியிருக்க மாட்டார்.

இந்த எரிச்சலை மனத்தில் சுமந்துகொண்டே நாம் 2023-இல் காங்கேசன்துறையில் இறங்கினோம். இறங்கி, அதே குற்றத்தைச் செய்தோம்.

எவர்மீதும் பழி போடுவதற்கில்லை. வேனை ஏற்பாடு செய்தவர் நாமே. நிரல் எழுதியவரும் நாமே. நயினாதீவை மட்டும் விலக்கி ஆறிடங்கள் குறித்திருந்தோம். நூலகத்துக்கு 25 நிமிடம் ஒதுக்கினோம். நாம் இலக்கியவாதிகள் அல்லவா, பத்து நிமிடம் கூடுதலாக!

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாற்றை நம் வாசகர்கள் அறிவர். 1930-களில் சிறிய வாசிப்பறையாகத் தொடங்கியது. புதிய கட்டடத்துக்குச் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தந்தார். நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் ஆலோசனை தந்தார். அவர் சீர்காழிக்காரர், அதாவது நம் கொள்ளிடம் கடல்சேரும் பக்கத்துக்காரர். 1959-இல் கட்டடம் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், மறுபடி எழுத முடியாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. இன்று வெண்ணிறமாய் மீண்டும் எழுந்து நிற்கிறது. முன்புறம் கலைமகள் சிலை. நாம் கல்லூரியில் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லும் வரலாறு இது. சொல்லும்போது தொண்டை அடைக்கும். அங்கு நேரில் நின்றபோதோ, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளியே மரநிழலில் முதியவர் ஒருவர் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். நம் பேச்சைக் கேட்டுத் தலைநிமிர்ந்தார்.

"எங்கயிருந்து வாறியள்?"

"தமிழ்நாடு ஐயா. அரியலூர்ப் பக்கம், ஏலாக்குறிச்சி."

பெயரைச் சொல்லும்போதே நமக்குக் கூச்சம். தமிழ்நாட்டிலேயே பாதிப்பேருக்குத் தெரியாத ஊர். அவரோ கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏலாக்குறிச்சியோ? அப்ப, சதுரகராதி செய்த வீரமாமுனிவர் இருந்த ஊர் எண்டு சொல்லுங்கோ! இருங்கோ, இருங்கோ. உங்களுக்கு ஒரு விசயம் சொல்லோணும். இஞ்ச பக்கத்திலதான் மானிப்பாய். 1842-இல அங்க ஒரு அகராதி அச்சடிச்சவை…"

வேனின் ஒலிப்பான் கேட்டது. நண்பரொருவர் வாயிலில் நின்று கையசைத்தார். கோட்டை, பிறகு துறைமுகம்; நிரல் அப்படி. நாம் தயங்கியதை முதியவர் பார்த்துவிட்டார்.

"கப்பலோ? ஓம், ஓம், அது நிக்காது. போட்டு வாங்கோ. அடுத்தமுறை ஆறுதலா வாங்கோ" என்றார்.

வேனில் ஏறி அமர்ந்தபின்னும் அந்தச் சொல் நம்மை விடவில்லை. ஆறுதலாக வாங்கோ. நம் பக்கத்தில் ஆறுதல் என்றால் துக்கத்தில் இருப்பவர்க்குச் சொல்லும் தேற்றுரை. எரிந்த நூலகத்தின் முன்னிருந்து ஒருவர் சொல்கிறார். ஆறுதல் சொல்ல வாருங்கள் என்கிறாரோ என்று ஒருகணம் திகைத்தோம். ஓட்டுநர்த் தம்பி சிரித்தார். "இல்லை சேர். அவசரப்படாம, மெதுவா, நேரம் எடுத்து வாங்கோ எண்டு அர்த்தம்." ஈழத்து வழக்கில் அதுவே பொருள். இரண்டு பொருளுக்கும் வேர் ஒன்றுதான்: ஆறுதல், சூடு தணிதல். முதுகலையில் தமிழ் படித்த நமக்கு ஒரு வேன் ஓட்டுநர் சொல்லித்தர வேண்டியிருந்தது. கற்றது குறித்து மகிழ்ச்சி. முதியவர் சொல்லவந்த மிச்சத்தைக் கேளாமல் வந்தது குறித்து இன்றுவரை வெட்கம்.

அன்று கோட்டையைப் 'பார்த்தோம்'. போர்த்துக்கீசர் கட்டியது, 1658-இல் ஒல்லாந்தர் கைக்கு வந்தது என்ற பலகைச் செய்தியைத் தவிர அதைப்பற்றி இன்று நமக்கு ஒன்றும் நினைவில்லை.

ஊர் திரும்பியபின் மானிப்பாய் அகராதியைத் தேடிப் படித்தோம். யாழ்ப்பாண அகராதி என்றும் பெயர். 58,500 சொற்கள். அமெரிக்க மிஷனின் மானிப்பாய் அச்சகத்தில் 1842-இல் வெளிவந்தது. சந்திரசேகர பண்டிதர் முதலானோர் உழைப்பு. சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்காய்ப் பிரிந்தது. அது 1732-இன் ஆக்கம். 110 ஆண்டு இடைவெளியில், கொள்ளிடக் கரையில் வாழ்ந்தவர் தொடங்கிய வேலையைக் கடலுக்கு அப்பால் ஒரு சிற்றூர் மேலெடுத்துச் சென்றிருக்கிறது. அதே மானிப்பாயில் டாக்டர் கிறீன் என்ற அமெரிக்கர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். யாழ் நகருக்கு வெளியே சில கிலோமீட்டரில் உள்ள ஊர். நம் ஆறிட நிரலில் அது இல்லை. நண்பரின் ஏழிட நிரலிலும் இல்லை. பத்திடம் எழுதினாலும் வந்திராது. ஏனெனில் நிரல்கள் நிரல்களைப் பார்த்தே எழுதப்படுகின்றன.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம்.

முதல் வாதம்: "வாழ்நாளில் ஒருமுறை போகிறோம். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா?" ஒருமுறை போகிறோம் என்பதே நம் கட்சிக்கு வலுச் சேர்க்கும் சான்று. ஒரே ஒரு முறை சந்திக்கப்போகும் மனிதரிடம் ஒன்பது நிமிடம் பேசுவது அறிவுடைமையா? மேலும், காங்கேசன்துறை இன்று எட்டாத் தொலைவில் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து அங்கே பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கியது. சில நாள்களில் நின்றது. 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. யாழ்ப்பாணத்தை விரிவாகப் பார்க்க விரும்புவோர் அவ்வகைப் பயணத்தில் போய் நான்கு நாள் தங்கலாம். உல்லாசக் கப்பலின் ஒரு பகலுக்குள் நான்கு நாளைத் திணிப்பானேன்?

இரண்டாம் வாதம்: "கப்பல் காத்திராது; எனவே வேகமாகத்தான் பார்க்க வேண்டும்." கப்பல் காத்திராது என்பது மெய். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் போனால் அவர்கள் வண்டி தாமதித்தால் கப்பல் பொறுக்கும். நாமே வண்டி பிடித்துப் போனால் தாமதம் நம் தலையில். உலகெங்கும் இதுவே நடைமுறை. எனவேதான் சொல்கிறோம், இடங்களைக் குறையுங்கள். ஏழிடம் போகிறவனுக்கு வழியில் ஒரு டயர் வெடித்தால் கப்பல் போச்சு. ஓரிடம் போகிறவன் டயர் மாற்றி, தேநீர் குடித்து, நேரத்துக்கு வந்து சேர்வான்.

மூன்றாம் வாதம்: "முதியோரும் குழந்தைகளும் உடன் வருகிறார்கள்." இதற்கு நாம் விடை சொல்ல வேண்டியதே இல்லை. முழங்கால் வலியுள்ள அம்மாவை ஏழுமுறை வேனிலிருந்து இறக்கி ஏழுமுறை ஏற்றுவது எவர் நலத்துக்காக?

நான்காம் வாதம் நம் நண்பருடையது. மனிதர் தமிழ் படித்தவர். நம் ஆயுதத்தையே நம்மீது வீசினார். "உங்களூர் முனிவரே கலம்பகம் பாடியவர்தானே? பதினெட்டு உறுப்புக் கலந்தால் அழகாகிறது. ஏழு இடம் கலந்தால் ஆகாதோ?" நல்ல கேள்வி. விடையும் அதிலேயே உண்டு. கலம்பகத்தின் உறுப்புகள் எத்தனை பலவாயினும் பாட்டுடைத் தலைமை ஒன்றே. திருக்காவலூர்க் கலம்பகத்தில் எந்த உறுப்பைத் தொட்டாலும் திருக்காவலூர் அன்னையிடமே வந்து சேர்வோம். உங்கள் ஏழிடத்துக்கு எது தலைமை? வேன்தானே!

'துறை' என்ற சொல்லையும் நண்பருக்கு நினைவூட்டினோம். நீரில் இறங்கும் இடமும் துறை. கப்பல் வந்தணையும் இடமும் துறை. அகம், புறம் பாடிய புலவர் பாட்டின் பொருட்கூறுக்கு இட்ட பெயரும் துறை. ஒரு பாட்டுக்கு ஒரு துறை காட்டுவதே மரபு. அந்தத் துறைவழியே இறங்கினால்தான் பாட்டின் ஆழம் தெரியும். படித்துறையில் ஒருவன் ஒரே நேரத்தில் ஏழு படிக்கட்டில் இறங்க முடியுமோ?

ஆனால் வாதங்களைவிடப் பெரியது ஒன்றுண்டு. மற்ற நாட்டுக் கப்பற்பயணிகளுக்குக் கிடைக்காத ஒரு பேறு காங்கேசன்துறையில் இறங்கும் தமிழனுக்குக் கிடைக்கிறது. கரையில் நிற்பவர் பேசுவது அவனுக்குப் புரியும். வெனிஸில் இறங்கும் வெளிநாட்டுப் பயணி ஊமையாய் இறங்குகிறார். நூற்றுக்கணக்கில் வந்து படம் எடுத்துத் திரும்புகிறார். அந்நகரத்தார் பல ஆண்டு போராடி, 2021 ஆகஸ்ட் முதல் பெருங்கப்பல்கள் ஜியூதெக்கா கால்வாய் வழியே நகர் நடுவே வரக்கூடாதென்று ஆணை வந்தது. அங்கே மொழியும் தடை, கூட்டமும் தடை. இங்கே ஒரு முதியவர் மரநிழலில் உட்கார்ந்து நம் தமிழிலேயே, "இருங்கோ" என்கிறார். நாமோ இருக்கவில்லை. பாக்கியத்தைக் காலால் எற்றுவது இதுவன்றி வேறென்ன?

இன்னொன்றும் உண்டு, சற்றுக் கடுமையாகவே சொல்வோம். காங்கேசன்துறையை அடுத்த வலிகாமம் வடக்கு ஊர்களின் மக்கள் 1990-இல் இடம்பெயர்ந்தவர்கள். அவர்கள் நிலங்கள் உயர்பாதுகாப்பு வலயமாகிப் பின்னர் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. மாவிட்டபுரமும் கீரிமலையும் அவ்வட்டாரத்தவையே. துறைமுகத்தருகே 1990-இல் நின்றுபோன சிமெண்ட் ஆலை இருக்கிறது. அரியலூர்க்காரனுக்குச் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலையும் புதியவையல்ல. சிமெண்ட் தூசியில் வளர்ந்தவர்கள் நாம். ஓர் ஆலை நின்றால் எத்தனை குடும்பத்து உலை நிற்கும் என்பதும் நமக்குத் தெரியும். ஆயினும் அந்த ஆலையை வேன் கடந்தபோது நம்முள் ஒருவர் கேட்டது, "இங்கே இறங்கிப் படம் எடுக்கலாமா?" என்பதே. இடிந்த வீட்டின்முன் நின்று சிரித்தபடி படம் எடுத்தவர்களையும் கண்டோம். வழியில் கண்டவரையெல்லாம், "போரில் உங்கள் வீட்டில் யாராவது…?" என்று கேட்டவர்களும் உண்டு. பத்து நிமிடம் மட்டுமே நிற்கப்போகிறவர்க்கு அப்படிக் கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது? துயரத்தைக் கேட்க நேரம் வேண்டும். கேட்டபின் உடன் உட்கார்ந்திருக்க அதைவிட அதிக நேரம் வேண்டும். அந்நேரம் இல்லாதவர் வாயை மூடிக்கொண்டு வடை வாங்கித் தின்பதே பண்பு. அவர்களாய்ச் சொன்னால் கேட்கலாம்.

அக்காலத்தார் இக்கடலைக் கடந்ததையும் எண்ணிப் பாருங்கள். நல்லூர் ஆறுமுக நாவலர் 1849-இல் அச்சியந்திரம் வாங்கக் கடல் கடந்து சென்னைக்கு வந்தார். போகும் வழியில் திருவாவடுதுறையில் தங்கி உரையாற்றி, 'நாவலர்' பட்டம் பெற்றார். ஒரு வேலைக்குப் புறப்பட்டவர் வழியில் ஓரிடத்தில் தங்கியதால் ஒரு பெயர் கிடைத்தது. இன்றுவரை அப்பெயராலேயே அறிகிறோம். சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம் பிள்ளை தமிழகம் வந்து, கும்பகோணத்தில் வாழ்ந்து, கலித்தொகையை 1887-இல் அச்சேற்றினார். அவர்கள் நம் கரையில் ஆறுதலாக இறங்கியவர்கள். நாம் திருப்பிச் செலுத்துவது 15 நிமிடமும் ஒரு படமுமா?

சரி, எப்படித்தான் திட்டமிடுவது? நாம் பட்டுக் கற்றவற்றைச் சொல்கிறோம்.

கப்பல் தொடும் ஒவ்வொரு துறைக்கும் ஓரிடம் மட்டும் குறியுங்கள். திருகோணமலையில் இறங்கினால் கோணேசர் கோயில் ஒன்றே போதும். சம்பந்தர் பதிகம் பெற்ற தலம்; 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் இடித்தது; மீண்டும் எழுந்தது. அந்தப் பாறை விளிம்பில் நின்று கீழே கடலைப் பார்க்க அரை நாள் வேண்டும். அம்பாந்தோட்டையில் இறங்கினால் அருணகிரிநாதர் பாடிய கதிர்காமம் சாலைவழியே எட்டும் தொலைவில் உண்டு, வேறெதையும் சேர்க்காதீர்கள். காங்கேசன்துறையில் இறங்குவோர்க்கு மூன்று வழி உண்டு, மூன்றில் ஒன்றே. முதியோர் உடனிருந்தால் கீரிமலை: துறைமுகத்துக்கு மிக அருகில், உப்புக்கடலை ஒட்டி நன்னீர் ஊறும் கேணி, ஆடி அமாவாசையில் தந்தையரை நினைந்து மக்கள் நீராடும் இடம். பக்தியுடையோர்க்கு நல்லூர். நம்மைப் போன்ற புத்தகப் பைத்தியங்களுக்கு நூலகம். வேண்டுமானால் அதனோடு மானிப்பாய்.

ஓரிடத்தைத் தேர்ந்தபின் அதைப்பற்றிப் புறப்படுமுன் படியுங்கள். கப்பலில் இரண்டு இரவு இருக்கிறது. நடன அரங்கின் ஓசைக்கு அப்பால் தளத்தில் நாற்காலியும் இருக்கிறது. நூலகமாயின், பார்வையாளரை எப்போது அனுமதிப்பர் என்று முன்கூட்டியே கேட்டறியுங்கள். அது வாசகர்க்குரிய இடம், காட்சிச்சாலையன்று. நுழைவு அனுமதி விதிகளையும் கப்பல்கள் தொடும் துறைகளையும் பயணத்துக்குச் சற்றுமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இவை அடிக்கடி மாறுவன.

மதிய உணவைக் கரையில் உண்ணுங்கள். கப்பலில் உணவுக்குப் பணம் ஏற்கெனவே கட்டியாயிற்று என்பதால் பசியோடு கப்பலுக்கு ஓடுவோர் பலர். அதனால்தான் ஆயிரம் பேர் இறங்கும் நாளிலும் ஊர்க்கடைக்காரர்க்குப் பெரிதாய் ஒன்றும் கிடைப்பதில்லை. ஒரு சாப்பாடும் கொஞ்சம் பனங்கட்டியும் வாங்கினால் நம் சொத்து குறையாது. உணவுக்கடையில்தான் பேச்சும் தொடங்கும்.

கடைசியாக, நிரலில் ஒரு மணி நேரத்தை வெறுமையாக விடுங்கள். எந்த இடத்தின் பெயரையும் எழுதாதீர்கள். எவரேனும், "இருங்கோ" என்று சொன்னால் இருப்பதற்காக அந்த ஒரு மணி.

இத்தனையும் நண்பரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பேனாவை எடுத்தார். நயினாதீவை அடித்தார். சற்று யோசித்து மந்திரிமனையையும் அடித்தார். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "மிச்சம் ஐந்துதானே ஐயா, சமாளித்துவிடலாம்" என்றார். ஒரு மாலைப்பொழுதின் வாதத்துக்கு இரண்டு இடம் விழுந்தது. தோல்வி என்று சொல்வதற்கில்லை.

அவர் எழுந்தபோது ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டோம். நூலகத்தின் முன் மரநிழலில் முதியவர் ஒருவர் நாளிதழோடு இருந்தால், ஏலாக்குறிச்சிக்காரர்கள் மானிப்பாய் அகராதியைப் படித்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள். அடுத்தமுறை ஆறுதலாக வருவார்கள் என்றும் சொல்லுங்கள்.

அதைச் சொல்லப் பதினைந்து நிமிடம் போதாது என்பதை அங்கே போனபின் அவரே கண்டுகொள்வார்.